துணைவேந்தர் பதவி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பிரிவில் 31 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்துக்குள் ஒன்பது துணைவேந்தர்கள் வந்து போனார்கள். நடுவில் நாற்காலி காலியாகக் கிடந்த மாதங்களும் உண்டு. பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதல் முனைவர் பட்ட மாணவர் வரை ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதிலை எழுதிவைக்கிறேன்.

"துணைவேந்தர் என்றால் இரண்டாம் இடம்தானே? முதல் இடத்தில் இருக்கும் வேந்தரை ஏன் யாரும் பார்த்ததே இல்லை?"

பார்த்திருப்பீர்கள், ஆளுநராக. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநரே பதவிவழி வேந்தர். பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்குவது, துணைவேந்தரை நியமிப்பது, சில முடிவுகளுக்கு ஒப்புதல் தருவது எல்லாம் அவர் வேலை. தினமும் பல்கலைக்கழகத்தை நடத்துகிறவர் துணைவேந்தர்தான். பெயரில் 'துணை' இருந்தாலும் வளாகத்துக்குள் அவருக்கு மேல் ஆள் கிடையாது. இடையில் இணைவேந்தர் என்று ஒருவர் உண்டு. அது துறை அமைச்சர்.

விதிவிலக்கும் இருக்கிறது. 2013இல் வந்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதலமைச்சரே வேந்தர். திருவாரூரில் இருப்பது மத்தியப் பல்கலைக்கழகம், அங்கே ஏற்பாடே வேறு. ஐஐடிக்குத் துணைவேந்தரே கிடையாது, இயக்குநர்தான்.

"அமெரிக்காவில் பிரசிடென்ட் என்கிறார்களே, அவரும் இவரும் ஒன்றா?"

வேலை ஏறக்குறைய ஒன்று. நியமிப்பவர்தான் வேறு. அங்கே அறங்காவலர் குழு தேடிப் பிடித்து நியமிக்கும், அதே குழு வீட்டுக்கும் அனுப்பும். நன்கொடை திரட்டுவது அங்கே பதவியின் பெரும்பகுதி. கல்வி நிர்வாகத்தைப் பெரும்பாலும் புரோவோஸ்ட் என்ற அடுத்த நிலை அதிகாரி பார்த்துக்கொள்வார். பெயர்களும் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் பத்து வளாகங்களுக்கும் சேர்த்து ஒரு பிரசிடென்ட், வளாகத்துக்கு ஒரு சான்சலர். அங்கே சான்சலர் என்பவர் நம் வேந்தரைப் போல விழாவுக்கு மட்டும் வருகிறவர் அல்ல.

நம் பக்கத்து ஆள் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். சென்னை ஐஐடியில் படித்த சுப்ரா சுரேஷ் 2013 முதல் 2017 வரை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிரசிடென்ட். பிறகு சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் அதே பதவியில் போனார்.

"துணைவேந்தர் ஆக என்ன படிக்கணும்? ஏதாவது தேர்வு இருக்கா?"

தேர்வு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். அல்லது பெயர்பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்திலோ கல்வி நிர்வாக அமைப்பிலோ 10 ஆண்டு இருந்து, கல்வித் தலைமைக்குச் சான்று காட்ட வேண்டும். திறமை, நேர்மை, ஒழுக்கம் எல்லாம் உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதை எந்தச் சான்றிதழை வைத்து அளப்பது என்று சொல்லவில்லை.

"எனக்கு 29 வயசு, இப்போதான் உதவிப் பேராசிரியர். எப்போ அந்த இடத்துக்கு வரலாம்?"

இந்தக் கணக்கை நிறையப் பேருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டியிருக்கிறேன். முனைவர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் முதல் பதவி உயர்வுக்கு 4 ஆண்டு, அடுத்ததற்கு 5, இணைப் பேராசிரியர் ஆக இன்னும் 3, அங்கிருந்து பேராசிரியர் ஆக 3. ஆக 15 ஆண்டு. எந்தத் தடையும் இல்லாமல், கேட்ட கட்டுரை எல்லாம் வெளியாகி, குழு கூட வேண்டிய நாளில் கூடினால்தான் இந்த 15. அதற்கு மேல் பேராசிரியராக 10. ஆகவே 29இல் தொடங்கினால் 54.

நடைமுறையில் பதவி உயர்வு ஃபைல் இரண்டு மூன்று ஆண்டு தூங்கும். அதனால் 56, 57 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுப் பதவிக்கு ஏறத்தாழ முப்பதாண்டு ஓட்டம். இதைச் சொன்னதும் ஒரு தம்பி, "அதுக்கு ஒழுங்கா ஆராய்ச்சியே பண்ணிட்டுப் போகலாமே சார்" என்றார். தாராளமாகப் பண்ணலாம்.

"அந்தக் காலத்தில் பேராசிரியரே இல்லாதவர்கள் எல்லாம் வந்தார்களே?"

வந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. ஆரம்பத்தில் உயர் நீதிமன்ற நீதிபதிகளும் அரசின் உயர் அதிகாரிகளும் தங்கள் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதன் முதல் இந்தியத் துணைவேந்தர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயரும் நீதிபதிதான். 1969இல் வந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிக் கல்வித் துறையில் ஆய்வாளராகத் தொடங்கி, அதன் இயக்குநராக உயர்ந்தவர். காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தை ஊர் ஊராகப் போய் நிறைவேற்றிய கை அவருடையது. இன்றைய விதியை வைத்துப் பார்த்தால் அவருடைய விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றிருக்கும்.

மு. வரதராசன் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை, பிறகு தமிழாசிரியர், பச்சையப்பன் கல்லூரி, 1961 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 1974இல் காலமானார். துறையில் இருந்தது சரியாகப் பத்து ஆண்டு. இன்றைய விதிக்கும் பொருந்தியிருப்பார்.

வெளி ஆட்களுக்கு மறுபடி கதவு திறக்கும் பேச்சும் வந்தது. 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகள் தொழில் துறை, பொது நிர்வாகம் ஆகியவற்றில் உயர்பொறுப்பில் 10 ஆண்டு இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டன. சில நாளிலேயே தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. சுந்தரவடிவேலு போன்ற ஒருவர் கிடைப்பாரென்றால் எனக்கு மறுப்பில்லை. கிடைப்பது அவர்தானா என்பதில்தான் சந்தேகம்.

"தேடல் குழு என்று செய்தியில் வருகிறதே, அவர்கள் எங்கே போய்த் தேடுகிறார்கள்?"

எங்கும் போவதில்லை. விளம்பரம் வரும், விண்ணப்பங்கள் குவியும், குழு வடிகட்டிச் சில பேருக்கு நேர்காணல் வைக்கும். சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி மூன்று பேர்: வேந்தர் சார்பில் ஒருவர், ஆட்சிக் குழுவான சிண்டிகேட் சார்பில் ஒருவர், அதைவிடப் பெரிய குழுவான செனட் சார்பில் ஒருவர். மானியக் குழு விதியோ தன் தலைவரின் பிரதிநிதியும் உள்ளே இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோடோ அதன் கல்லூரிகளோடோ தொடர்பு இருக்கக் கூடாது. குழு ஒரே பெயரைக் கொடுக்க முடியாது. பட்டியல் கொடுக்க வேண்டும், அதிலிருந்து வேந்தர் ஒருவரை எடுப்பார்.

இந்தப் பட்டியல் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குழு ஒரே ஒரு பெயரைத்தான் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது.

"சம்பளம் கோடியில் இருக்குமோ?"

இல்லை. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மானியக் குழு வகுத்தபடி மாதம் 2,10,000 ரூபாய் நிலையான ஊதியம், 11,250 சிறப்புப் படி, அகவிலைப்படி தனி. வீடு, கார், ஓட்டுநர் உண்டு. நீண்ட காலம் பணியாற்றிய மூத்த பேராசிரியரின் சம்பளம் இதிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் பிரசிடென்ட்டுகள் இருக்கிறார்கள். அதையும் இதையும் ஒப்பிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம்.

"அப்படியென்றால் எதற்குப் போட்டி? பணம் கொடுத்தால்தான் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?"

நான் கண்ணால் பார்க்கவில்லை, ஆகவே எண் எதுவும் சொல்ல மாட்டேன். ஊரறிந்தது இரண்டு. 2018 பிப்ரவரியில் கோவையில், பதவியில் இருந்த துணைவேந்தர் ஒருவரை உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், வேந்தராக இருந்த ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தே துணைவேந்தர் நியமனங்களில் கோடிகள் கைமாறியதாக மேடையில் பேசினார்.

போட்டி சம்பளத்துக்காக அல்ல என்பது சரி. எல்லாப் போட்டியும் பணத்துக்காகவும் அல்ல. ஊர் மரியாதை, சாதிச் சங்கத்தில் நாற்காலி, தன் பாடத்துக்கு ஒரு புதுத் துறை தொடங்கிவிடும் ஆசை, தனக்கு எதிராக எழுதிய ஆளுக்கு மேலே உட்காரும் திருப்தி என்று பல. கடைசியாகச் சொன்னதை நீங்கள் குறைத்து மதிப்பிடுவீர்கள். நான் மதிப்பிட மாட்டேன்.

"துணைவேந்தர் நினைத்தால் என் பையனுக்கு வேலை போட்டுக் கொடுக்க முடியாதா?"

நேரடியாக முடியாது. ஆசிரியர் தேர்வுக் குழுவுக்கு அவர் தலைவர். ஆனால் வெளி வல்லுநர்கள் உண்டு, இடஒதுக்கீட்டுச் சுழற்சி உண்டு, சிண்டிகேட் ஒப்புதல் வேண்டும், சம்பளத்துக்கு நிதி வேண்டும். அந்த சிண்டிகேட்டில் அரசுத் துறைச் செயலாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவசரம் என்றால் துணைவேந்தர் தானாக முடிவெடுக்கலாம், பிறகு சிண்டிகேட்டிடம் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ராஜா. உள்ளே, கடன் வாங்கி நடத்தும் கூட்டுக் குடும்பத்தின் மூத்த மகன்.

ஒரு நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் வழக்கறிஞர், நீதிமன்ற அவமதிப்பு வழக்குக்கு இன்றே பதில் வேண்டும். அடுத்து தணிக்கைத் தடை. பதினோரு மணிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாசலில். மதியம் ஒரு கருத்தரங்கத் தொடக்க விழா, குத்துவிளக்கு, பொன்னாடை. மாலையில் தலைமைச் செயலகத்திலிருந்து ஃபோன். இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஃபைல். நான் பார்த்தவர்களில் ஒருவர் மட்டும் வாரம் ஒரு வகுப்பை விடாமல் எடுத்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. ஒன்பது பேரில் மாணவர்கள் பெயர் சொல்லி நினைப்பது அவரைத்தான்.

"பல்கலைக்கழகத்துக்கு ஏன் எப்போதும் காசே இல்லை? அது துணைவேந்தர் தப்பா?"

பாதிக்கு மேல் அவர் தப்பில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் வளர்ந்த வேகத்தில் அரசு மானியம் வளரவில்லை. தொலைதூரக் கல்வி வருமானம் இறங்கிவிட்டது. 2024இல் வரிப் பாக்கிக்காக வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கியது. பாக்கி என்று சொன்ன தொகை 424 கோடி ரூபாய். அப்போது அங்கே துணைவேந்தரே இல்லை. என் ஓய்வுப் பணப்பலன் 14 மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதற்காக அந்தச் சமயத்துத் துணைவேந்தரை நான் திட்டியதில்லை. கணக்குப் பிரிவில் நின்று திட்டியிருக்கிறேன்.

"மூணு வருஷத்தில் என்னதான் செய்ய முடியும்?"

கொஞ்சம்தான். முதல் ஆண்டு யார் எந்தக் கோஷ்டி என்று புரியவே போய்விடும். இரண்டாம் ஆண்டு வேலை நடக்கும். மூன்றாம் ஆண்டு எல்லா ஃபைலும் 'புதியவர் வரட்டும்' என்று மேசையிலேயே ஊறும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு, அல்லது 70 வயது வரை. அது கொஞ்சம் நியாயமான காலம். அமெரிக்காவிலும் சராசரி ஆறு ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

நீண்ட காலம் இருந்தவர் என்றால் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பிரசவ மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அவர் காலத்தில்தான் அழகப்பச் செட்டியார் கொடையில் கிண்டியில் ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி 1944இல் வந்தது. நடுவில் 1952–53இல் நாடு முழுமைக்குமான இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர், 1961இல் உலகச் சுகாதாரப் பேரவைக்குத் தலைவர். ஹார்வர்டில் சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை 40 ஆண்டு பிரசிடென்ட்டாக இருந்தார், சேரும்போது வயது 35. இவ்வளவு காலம் ஒருவரே இருப்பது நல்லதா? மாற்றுக் கருத்துக்காரர்கள் மூச்சுவிட முடியாமல் போகும் என்பது உண்மை. ஆனால் நட்ட மரம் காய்ப்பதை நட்டவரே பார்க்க, மூன்று ஆண்டு போதவே போதாது.

"பிடிக்கவில்லை என்றால் அரசாங்கம் தூக்கிவிடலாமா?"

சட்டப்படி எளிதல்ல. வேந்தர் ஆணை வேண்டும். சட்டத்தை வேண்டுமென்றே மீறினார், அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தார் என்று காரணம் வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரோ தலைமைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ விசாரித்து, அவருக்கும் பேச வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். ஆகவே நீக்குவதைவிட எளிய வழியைத்தான் கையாள்வார்கள்: சிண்டிகேட் கூட்டத்துக்குச் செயலாளர்கள் வர மாட்டார்கள், நிதி ஃபைல் நகராது. சிலர் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"மானியக் குழு விதி பெரிதா, மாநிலச் சட்டம் பெரிதா? ஒரு பதில் சொல்லுங்கள்."

ஒரு பதில் இருந்தால் சொல்ல மாட்டேனா! மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் ஒன்றை, பேராசிரியராகப் பத்தாண்டு இல்லை என்று 2014இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மாநிலம் ஏற்றுக்கொள்ளாதவரை மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகள் மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயம் கட்டுப்படுத்தாது என்றது. குஜராத் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கில் 2022 மார்ச்சில் அதே நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது: இரண்டும் முரண்பட்டால் மத்திய விதியே நிற்கும். மேலே சொன்ன கேரளத் தீர்ப்பும் இந்த வழியில் வந்ததுதான்.

தேடல் குழுவில் மூன்றா நான்கா என்ற சண்டையின் வேர் இதுதான். 2023இல் ஆளுநர் மானியக் குழுப் பிரதிநிதியோடு குழு அறிவித்தார், அரசு அவர் இல்லாமல் அறிவித்தது. இரண்டும் நகரவில்லை.

"சரி, இப்போது நியமிப்பது ஆளுநரா, அரசா?"

தேதி வரிசையில் பாருங்கள். நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2022இல் நிறைவேறின, ஆளுநர் ஒப்புதல் வரவில்லை. 2023 நவம்பர் 18இல் சட்டமன்றம் அவற்றையும் வேறு சிலவற்றையும் சேர்த்துப் பத்து மசோதாக்களை மறுபடி நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அவை ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளலாம் என்றார்கள். அரசிதழில் வந்தது. மே 21இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் கோடை விடுமுறை அமர்வு அந்தச் சட்டங்களில் நியமன அதிகாரம் பற்றிய பகுதிக்குத் தடை போட்டது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. நவம்பர் 20இல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் பதில் சொல்லும்போது, 'ஒப்புதல் பெற்றதாகக் கொள்வது' என்ற ஏற்பாடே அரசமைப்பில் இல்லை என்றார்கள். இதை ஒரே வரியில் சொல்லச் சொல்லி டீக்கடையில் கேட்கிறார்கள். முடியாது.

"துணைவேந்தரே இல்லாத நேரத்தில் வாங்கின பட்டம் செல்லுமா?"

செல்லும். பயப்படாதீர்கள். நாற்காலி காலியானால் உயர்கல்விச் செயலாளர் போன்ற ஒருவர் தலைமையில் ஒரு குழு நிர்வாகத்தைப் பார்க்கும், சான்றிதழில் கையெழுத்தும் அந்த வழியாக வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான இடம் 2025இலும் காலியாகவே இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கையெழுத்தைப் பற்றிக் கேட்டால் பதிவாளர் அலுவலகத்தில் உண்மைத்தன்மைச் சான்று வாங்கி அனுப்புங்கள். சிக்கல் பட்டத்தில் இல்லை, தாமதத்தில். பட்டமளிப்பு விழா தள்ளிப்போகும், வேலைக்குச் சேர வேண்டிய பிள்ளை தற்காலிகச் சான்றிதழோடு அலையும்.

"பெண்கள் வந்திருக்கிறார்களா?"

பரோடாவில் ஹன்சா மேத்தா 1949இலேயே வந்துவிட்டார். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தர் 2022இல்தான்: சாந்திஸ்ரீ துலிபுடி பண்டிட், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். இங்கே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைத் தாண்டி எண்ணினால் குறைவுதான். நான் முன்பு போட்ட 54 வயதுக் கணக்கில் மகப்பேறு, கணவரின் மாற்றல், மாமியார் உடல்நிலை எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

"யாழ்ப்பாணத்திலும் இதே முறைதானா?"

அங்கே ஒரு காலம் 'தலைவர்' என்றே பெயர். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது க. கைலாசபதி அதன் முதல் தலைவர், 1977 வரை. 1979இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனதும் சு. வித்தியானந்தன் துணைவேந்தர். 1988இல் மண்பொறியியலில் பெயர்பெற்ற அ. துரைராசா வந்தார். போர்க் காலத்தில் வளாகத்தை நடத்தி, 1994இல் காலமானார். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி பேரவை மூன்று பெயர் கொடுக்கும், ஜனாதிபதி நியமிப்பார், காலம் மூன்றாண்டு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை. பட்டியல், மூன்று, மேலிருப்பவர் என்ற அந்த ஏணி இரு கரையிலும் ஒன்றுதான்.

"பதவி முடிந்தபின் என்ன ஆவார்கள்?"

வயது இருந்தால் துறைக்குத் திரும்பலாம். நேற்று வரை தன் அறை வாசலில் காத்திருந்தவரிடம் இன்று விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் பலர் திரும்புவதில்லை. சிலர் வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பார்கள். வா. செ. குழந்தைசாமி மதுரை காமராசர், அண்ணா, இந்திராகாந்தி திறந்தநிலை என்று மூன்று இடங்களில் துணைவேந்தராக இருந்தார். நீரியல் அறிஞர், கவிஞரும்கூட. தனியார் பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் பதவி இப்போது பரவலாகக் கிடைக்கிறது.

நான் வேலை பார்த்த இடத்தில் சிண்டிகேட் அறைச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. பெயர், சேர்ந்த தேதி, முடிந்த தேதி. பதவி முடியும் நாளன்று பெயின்டர் வந்து இரண்டாவது தேதியை எழுதுவார். ஒருமுறை அவர் மதியமே வந்துவிட்டார், துணைவேந்தர் இன்னும் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணி வரை வெளியே உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.